பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஜெபத்தோடு வழியனுப்புதல்: கிறிஸ்தவப் பள்ளிகளுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் கிறிஸ்தவ மேல்நிலைப் பள்ளிகளில், பன்னிரண்டாம் வகுப்பின் பிரியாவிடை விழாவைச் செய்முறைத் தேர்வுக்கும் மார்ச் மாதப் பொதுத்தேர்வுக்கும் இடையில் கிடைக்கும் சில நாட்களுக்குள் நடத்தி முடிக்க வேண்டியிருக்கிறது. தேர்வு முடிவு மே மாதத்தில்தான் வரும். அதற்குள் பிள்ளைகள் திசைக்கு ஒருவராகப் பிரிந்துவிடுவார்கள். ஆகவே, 600 மதிப்பெண்ணுக்கு யார் எவ்வளவு பெறுவார் என்பது யாருக்கும் தெரியாத வேளையில்தான் நாம் அவர்களைக் கொண்டாடுகிறோம். இதை ஒரு பெரும் பேறாகவே நான் எண்ணுகிறேன். நம் வளாகத்தில் வளர்ந்த பிள்ளை என்ற ஒரே காரணத்துக்காக ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வாழ்த்துவதற்கு ஆண்டில் இந்த ஒரு நாளே கிடைக்கிறது. மற்ற ஏற்பாடுகள் யாவும் இதற்குத் துணையாக அமைய வேண்டும்.

நாள் குறிக்கும் முன்பு திருச்சபை நாட்காட்டியையும் புரட்டிப் பாருங்கள். 2026-இல் பிப்ரவரி 18 அன்றே தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதன் வந்தது போல, பல ஆண்டுகளில் தவக்காலம் இந்த விழா நாட்களோடு ஒட்டியே தொடங்குகிறது. கத்தோலிக்கர் இறைச்சி உண்ணாத தவக்கால வெள்ளிக்கிழமையில் கோழிப் பிரியாணி சமைத்துவிட்டுக் கத்தோலிக்கப் பிள்ளைகளை வெறும் இலையின் முன் உட்கார வைப்பது முறையாகாது. பெற்றோரையும் அழைப்பதாக இருந்தால், நாட்கூலிக்குச் செல்வோர் அரைநாள் ஊதியத்தை இழக்காதபடி மாலை 4 மணிக்குப் பிறகு தொடங்குவது நல்லது.

நம் வகுப்புகளில் இந்து, இஸ்லாமியப் பிள்ளைகளும் திரளாகப் படிக்கிறார்கள். அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் பள்ளியில் எவரையும் அவரது ஒப்புதலின்றியும், சிறாராயின் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதலின்றியும் வழிபாட்டில் பங்குகொள்ளச் செய்யக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 28(3) பிரிவு கூறுகிறது. எனவே நிகழ்ச்சியை இரண்டாகப் பிரித்து, ஆயர் அல்லது பங்குத்தந்தை நடத்தும் ஆராதனையை ஆலயத்தில் அரைமணி நேரத்துக்குள் முடித்துவிட்டு, விளக்கேற்றுதல், வாழ்த்து, சிற்றுண்டி ஆகியவற்றை எல்லோரும் கூடும் பள்ளி அரங்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஆராதனைக்கு வர விரும்புவோர் வரலாம் என்பதை அழைப்புக் கடிதத்திலேயே தெளிவாக எழுதிவிட்டால், விரும்பி வருகிற பிற சமயப் பெற்றோரின் முகத்தில் தயக்கம் இருக்காது.

அதிக உழைப்பைக் கேட்பது, ஒவ்வொரு பிள்ளைக்கும் வேதாகம வசனம் ஒன்றை எழுதித் தரும் வசன அட்டைதான். அச்சிட்ட அட்டைகளை ஒரு கூடையில் போட்டு எடுத்துக்கொள்ளச் சொல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வகுப்பாசிரியரே தம் கையால் பிள்ளையின் பெயரை எழுதி, அவரைப் பற்றித் தாம் கண்ட ஒரு நற்செயலை இரண்டு வரியில் குறித்து, அதன் கீழே ஒரு வசனத்தை எழுத வேண்டும். நாற்பது பேர் கொண்ட வகுப்புக்கு நாளொன்றுக்கு மூன்று அட்டை வீதம் எழுதினால் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். 'ஆய்வகக் கண்ணாடிக் குழாய் உடைந்த அன்று, யாரும் கேட்கும் முன்பே நீயாக வந்து சொன்னாய்' என்பது போன்ற ஒரு வரியை எழுத முடிய வேண்டுமானால், ஜனவரியிலேயே குறிப்பெடுக்கத் தொடங்க வேண்டும். போக்கையும் வரத்தையும் காக்கும் கடவுளைப் பற்றிய சங்கீதம் 121:8, வீட்டை விட்டு விடுதிக்குச் செல்லவிருக்கும் பிள்ளைக்குப் பொருந்தும். தேர்வைக் கண்டு அஞ்சுகிற பிள்ளைக்கு யோசுவா 1:9 திடமளிக்கும்.

விளக்கேற்றும் வேளையில் மின்விசிறிகளை நிறுத்திவிடுங்கள். அட்டையை வட்டமாக வெட்டி, நடுவில் துளையிட்டு, மெழுகுவர்த்தியை அதில் செருகிக் கொடுத்தால் உருகும் மெழுகு விரலில் விழாது. எரிகிற மெழுகுவர்த்தியை நேராகப் பிடித்திருக்க வேண்டும், எரியாததைத்தான் சாய்த்துப் பற்றவைக்க வேண்டும் என்பதை முதல் நாளே பழக்கிவிடுங்கள். சேலைத் தலைப்பு, துப்பட்டா ஆகியவற்றை இழுத்துச் செருகச் சொல்வதும், ஒவ்வொரு வரிசையின் முனையிலும் ஒரு வாளித் தண்ணீரோடு ஓர் ஆசிரியரை நிறுத்துவதும் கட்டாயம். முதல் சுடரைத் தலைமை ஆசிரியர் ஏற்றலாம். அவருடன் சத்துணவு சமைத்த அம்மாவையும் நிற்கச் சொல்லுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை அந்தப் பிள்ளைகளில் பலர் அவர் கையால் சாப்பிட்டவர்கள்.

உடையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், எல்லோரும் ஒரே நிறத்தில் புத்தாடை அணிந்து வர வேண்டும் என்று முடிவெடுத்தோம். காய்ச்சல் என்று சொல்லி வராமல் போன ஒரு மாணவிக்கு உண்மையில் காய்ச்சல் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அவருடைய வசன அட்டை என் மேசையிலேயே கிடந்தது. அன்று முதல் சீருடைதான் விழா உடை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். மாணவர்களிடம் பணம் வசூலிக்கும் வழக்கத்தையும் விட்டுவிட்டு, முன்னாள் மாணவர் சங்கத்திடம் உதவி கேளுங்கள்.

சிறப்பு விருந்தினர் ஒருவர் போதும். அவருக்குப் பத்து நிமிடம் என்று முன்கூட்டியே பணிவுடன் சொல்லிவிடலாம். பொன்னாடைகளுக்குச் செலவாகும் நேரத்தைப் பெயர் வாசிப்புக்கு ஒதுக்குங்கள். முதலெழுத்தோடு முழுப்பெயரையும் வாசித்து, மேடைக்கு வரும் பிள்ளையின் கையில் வகுப்பாசிரியரே அட்டையைக் கொடுக்கட்டும். வராதவர்களின் பெயரையும் அதே வரிசையில் வாசித்து, அவர்களுடைய அட்டையை மறுநாளே வீட்டில் சேர்த்துவிட வேண்டும்.

அந்தப் பெயர்ப் பட்டியலைப் பத்திரமாக வைத்திருங்கள். மே மாதத்தில் தேர்வு முடிவு வெளியாகும் காலையில், தேர்ச்சி பெறாத பிள்ளைகளை வகுப்பாசிரியர் முதலில் தொலைபேசியில் அழைத்து, துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளைச் சொல்லி, படிக்க எப்போது பள்ளிக்கு வரலாம் என்பதையும் சொல்ல வேண்டும். முதல் மதிப்பெண் பெற்றவரை அதன் பிறகு அழைத்து வாழ்த்தலாம்.