பவர்டு ஸ்பீக்கரோடு சப்வூஃபர் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பவர்டு ஸ்பீக்கருக்கு, அதாவது ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் சர்க்யூட்) உள்ளேயே இருக்கும் ஸ்பீக்கருக்கு, புதிதாக சப்வூஃபர் (அடிமட்ட பேஸுக்கான தனிப் பெட்டி) வாங்கி மாட்டுகிறவர்கள் திரும்பத் திரும்ப அதே இடங்களில்தான் இடறுகிறார்கள். பிளக் சரியாக ஏறவில்லை, ஆன் செய்ய மறந்துவிட்டது என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். காசைக் கரியாக்கும் தவறு வேறு.

இரண்டாவது பெட்டிக்குப் போகும் ஒயரில் கை வைப்பது

பல ஸ்பீக்கர் ஜோடிகளில் ஒரு பெட்டிக்குள்தான் ஆம்ப் இருக்கும். அங்கிருந்து மற்றதற்கு ஸ்பீக்கர் ஒயர் போகும். பின்பக்கம் சப்வூஃபருக்கான 'சப் அவுட்' துளை இல்லையென்றால், அந்த ஒயரிலிருந்தே ஒரு கிளை எடுத்து, நுனியில் ஆர்சிஏ பிளக்கை (நடுவில் ஊசி, சுற்றிலும் உலோக வளையம் உள்ள ஆடியோ பிளக்) பற்றவைத்து, சப்வூஃபரின் லைன் இன்புட்டில் (ஆம்ப் பெருக்குவதற்கு முந்தைய சிறிய சிக்னலுக்கான துளை) செருகிவிடுகிறார்கள். லைன் இன்புட்டுக்கு அந்த வோல்டேஜ் அதிகம். ஆனால் பெரிய ஆபத்து மைனஸ் ஒயரில் இருக்கிறது.

கறுப்பு ஒயர் என்பதால் அதை கிரவுண்டு (பூஜ்ய வோல்டேஜ் முனை) என்று நம்புகிறார்கள். இன்றைய கிளாஸ் டி என்ற வகை ஆம்ப்களில் பல பிரிட்ஜ் முறையில் ஓடுபவை. அவற்றில் பிளஸ், மைனஸ் இரண்டுமே ஆம்ப்பின் அவுட்புட். 24 வோல்ட் சப்ளை என்றால், பாட்டு ஓடாதபோதுகூட இரண்டு முனையிலும் சுமார் 12 வோல்ட் நிற்கும். ஆர்சிஏ பிளக்கின் வெளி வளையமோ சப்வூஃபரின் கிரவுண்டு. இரண்டையும் சேர்த்தால் ஆம்ப்பின் ஒரு பாதியை ஷார்ட் செய்வதாகிவிடும்.

மாட்டியவுடனே புகை வந்துவிட்டால்கூடப் பரவாயில்லை, பாடம் கிடைத்துவிடும். தெரிந்த பையன் ஒருவனுக்கு அப்படி வரவில்லை. ஸ்பீக்கருக்கு இரண்டு பின் அடாப்டர், பாட்டு புளூடூத்தில். கரண்ட் சுற்றிவர வழியில்லை, அதனால் நன்றாகவே பாடியது. பிறகு மூன்று பின் பிளக் உள்ள கம்ப்யூட்டரை ஆக்ஸ் கேபிளில் ஸ்பீக்கரோடு சேர்த்தான். சப்வூஃபருக்கும் மூன்று பின். எர்த் வழியாகச் சுற்று முடிந்தது, ஆம்ப் போனது. திறந்து பார்த்தால் ஹீட்சிங்க்குக்கு அடியில் சிப்பின் நடுவே கடுகளவு ஓட்டை, சுற்றிலும் போர்டு கருகி, ட்ராக் உரிந்து கிடந்தது. "ஒரு வாரம் நல்லாத்தானே பாடிச்சு அண்ணா" என்றான். 'மைனஸைக் கிரவுண்டோடு சேர்க்காதீர்கள்' என்று பின்பக்கம் ஒரு வரி அச்சடிக்கத் தயாரிப்பாளர்களுக்கு என்ன சிரமம் என்று இன்றும் எரிச்சலாக வருகிறது.

மல்டிமீட்டர் இருந்தால் டிசியில் வைத்து, ஸ்பீக்கரின் ஆர்சிஏ வெளி வளையத்துக்கும் மைனஸ் முனைக்கும் நடுவே அளந்து பாருங்கள். பத்து, பன்னிரண்டு வோல்ட் காட்டினால் மைனஸ் கிரவுண்டு இல்லை, சந்தேகமே வேண்டாம். பூஜ்யம் காட்டினாலும் பத்திரம் என்று முடிவுகட்டாதீர்கள். பிளஸ், மைனஸ் இரண்டு சப்ளையும் உள்ள பிரிட்ஜ் ஆம்ப்பிலும் பூஜ்யம்தான் வரும். சப்வூஃபரில் ஸ்பீக்கர் ஒயரை நேராக மாட்டும் ஸ்பீக்கர் லெவல் முனைகளே இருந்தாலும், பிரிட்ஜ் ஆம்ப்போடு சேர்க்கலாம் என்று மேனுவலில் இருந்தால் மட்டும் தொடுங்கள். அப்படியே சேர்ந்தாலும் அந்த ஒயரில் வருவது ஒரு சேனல்தான்.

சிக்னலை ஆம்ப்புக்கு முன்னாலேயே பிரித்துவிடுவதுதான் சரியான வழி. டேக்கின் (DAC, டிஜிட்டல் பாட்டை ஆடியோ சிக்னலாக மாற்றும் கருவி) லைன் அவுட்டில் ஒய் கேபிள் போட்டு ஸ்பீக்கருக்கு ஒன்று, சப்வூஃபருக்கு ஒன்று கொடுங்கள்.

வால்யூமை ஸ்பீக்கரில் திருகுவது

இப்படிப் பிரித்தபின் ஸ்பீக்கர் குமிழைக் குறைத்தால் சப்வூஃபர் மட்டும் அதே சத்தத்தில் இடித்துக்கொண்டிருக்கும். வால்யூம் கட்டுப்பாடு உள்ள டேக் அல்லது ப்ரீஆம்ப் (ஆம்ப்புக்கு முன்னால் சிக்னலைக் கட்டுப்படுத்தும் கருவி) வேண்டும்.

ஒய் கேபிளைத் தலைகீழாகப் போடுவது

ஒன்றை இரண்டாக்கலாம். இரண்டு அவுட்புட்டை ஒன்றாக முடிச்சுப்போடக் கூடாது.

கிராஸ்ஓவரை 120-இல் விடுவது

சப்வூஃபர் எந்த ஹெர்ட்ஸ் வரை வாசிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் குமிழ்தான் கிராஸ்ஓவர். ஐந்து அங்குல ஸ்பீக்கர்கள் பல 60 ஹெர்ட்ஸ் பக்கம் வரை இறங்கும். சப்வூஃபரை 120 வரை விட்டால் ஒரே ஸ்வரத்தை இருவரும் வாசிப்பார்கள். பேஸ் கிட்டார் குழைந்துபோகும், ஆண் குரல் சப்வூஃபர் இருக்கும் மூலையிலிருந்து வரும். 60-க்கும் 80-க்கும் நடுவில் தொடங்கி, காதால் கேட்டு நகர்த்துங்கள். எல்எஃப்இ (LFE) என்று எழுதிய துளையில் செருகினால் பல சப்வூஃபர்களில் அந்தக் கிராஸ்ஓவர் குமிழ் வேலையே செய்யாது.

ஃபேஸ் சுவிட்சைத் தொடாமலே விடுவது

சப்வூஃபரின் ஒலி அலையைத் தலைகீழாக்கும் சுவிட்ச் இது. உட்காரும் இடத்திலிருந்து 0, 180 இரண்டிலும் கேளுங்கள். எதில் பேஸ் கனமாக வருகிறதோ அதில் வையுங்கள்.

ஹம் (விடாத 'ம்ம்' இரைச்சல்) வந்ததும் எர்த் பின்னை ஒடிப்பது

கூடவே கூடாது. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டுப் பாருங்கள்.