பி.எட். சேரும் முன் டிகிரியின் பெயரைப் பாருங்க

கடலூர் பக்கம் பி.எட். அட்மிஷனுக்கு அலையும் தம்பி தங்கைகளே, ஃபீஸ் எவ்வளவு என்று விசாரிப்பதற்கு முன்னால் உங்க டிகிரியின் பெயரைப் பாருங்க. புதுப்புதுப் பெயரில் வந்த பட்டப்படிப்பு என்றால், அது பள்ளியில் எடுக்கும் பாடத்தின் வழக்கமான பட்டத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று தேடி, நகல் எடுத்து வைங்க. 2 வருஷம் பி.எட். படித்துவிட்டு, சான்றிதழ் சரிபார்ப்பில் போய் முழிப்பது பெரிய கொடுமை.

கல்லூரிக்கு என்.சி.டி.இ. (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) அங்கீகாரம் உண்டா என்பதையும் பார்த்துக்குங்க.

6 முதல் 8-ம் வகுப்பு வரை பாடம் எடுக்க டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தாள் 2, மொத்தம் 150 மதிப்பெண். பாஸானால் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும்.

தமிழக அரசுப் பள்ளியில் பிளஸ் டூவுக்கு எடுக்க ஆசையா? இளங்கலை, முதுகலை இரண்டும் ஒரே பாடமாக இருக்கட்டும். பி.ஏ. தமிழ் முடித்து எம்.ஏ. வரலாற்றுக்குத் தாவினால் சிக்கல்தான்.