காபியும் சாப்பாடுதான்: பெட் ஸ்கேனுக்கும் அயோடின் சிகிச்சைக்கும் வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஒரு நாள் காலை ஏழரை மணிக்கு ஒரு பெரியவர் மகனோடு பெட் சிடி, அதாவது புற்றுநோயைத் தேடும் பெட் ஸ்கேன், எடுக்க வந்தார். வெறும் வயிறுதானே ஐயா என்று கேட்டேன். "ஆமா தம்பி, பச்சத் தண்ணிதான்" என்றார். விரலில் குத்திப் பார்த்தால் சுகர் 268. மறுபடி கேட்டபோது மகன்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: சுகர் மாத்திரை போடணுமே என்று ரெண்டு பிஸ்கட், அரை டம்ளர் காபி, அதுவும் சர்க்கரை போடாமல்தான். நம்மூரில் காபி சாப்பாட்டுக் கணக்கிலேயே வராது. கதிரியக்க மருந்து கொடுத்து ஸ்கேனும் சிகிச்சையும் செய்கிற நியூக்ளியர் மெடிசின் பிரிவில் டெக்னீஷியனாக இருந்து இதே பதிலை எத்தனை முறை கேட்டிருப்பேனோ!

இந்த ஸ்கேனுக்கு நாங்கள் போடும் ஊசியே ஒரு வகைச் சர்க்கரைதான். குளுக்கோஸ் மாதிரியான ஒன்றில் ஃப்ளூரின்-18 என்ற கதிரியக்க அணுவை ஒட்டியிருப்பார்கள். புற்றுநோய்க் கட்டி சர்க்கரையை ஆவலாக இழுக்கும், அதனால் அந்த இடம் படத்தில் பளிச்சென்று தெரியும். ஆனால் நீங்கள் சாப்பிட்டு வந்திருந்தால் உடம்பில் இன்சுலின் சுரந்து, எங்கள் மருந்தைத் தசைகளுக்குள் தள்ளிவிடும். தசையெல்லாம் ஒளிரும், கட்டி மங்கிப்போகும். அதனால்தான் ஆறு மணி நேரம் வெறும் வயிறு, சுகர் 200-க்குள் என்று கறாராக நிற்கிறோம். சுகர் ஏறிவிட்டதே என்று வாசலில் நின்றபடி இன்சுலின் போட்டுக்கொண்டு உள்ளே வருவது அதைவிட மோசம். அப்போதும் மருந்து தசைக்குத்தான் போகும். சுகர் மாத்திரையை, முக்கியமாக மெட்ஃபார்மினை, என்ன செய்வது என்பதைத் தேதி வாங்கும் நாளிலேயே கேட்டுவிடுங்கள். மெட்ஃபார்மின் எங்கள் ஊசி மருந்தைக் குடலில் தேங்க வைக்கும்.

"சரி, மத்தியானம் போட்டுக்கலாமே" என்பார்கள். ஃப்ளூரின்-18-இன் வீரியம் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே இருக்கும். உங்கள் நேரத்துக்குக் கணக்குப் போட்டு வந்த டோஸ் அலமாரியில் காத்திருக்காது. அந்தப் பெரியவரைத் திருப்பி அனுப்பி, வேறு தேதி கொடுத்தோம்.

முந்தின நாள் ஜிம், வேகநடை வேண்டாம். ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரம் தனியறையில் சும்மா உட்காரச் சொல்வது தண்டனை இல்லை. அந்த நேரத்தில் போனில் பேசினால் குரல்வளைத் தசை ஒளிரும், சூயிங்கம் மென்றால் தாடை ஒளிரும். குளிரில் நடுங்கினால் கழுத்தோரக் கொழுப்பு மருந்தை இழுத்துக்கொண்டு நெறிக்கட்டி மாதிரியே காட்டும், ஆகவே சித்திரை வெயிலானாலும் ஒரு போர்வை எடுத்து வாருங்கள், எங்கள் ஏசி அப்படி.

எல்லா ஸ்கேனும் வெறும் வயிற்றில் என்று நினைப்பது இன்னொரு தவறு. எலும்பு ஸ்கேனுக்கு இட்லி சாப்பிட்டுவிட்டே வரலாம். தண்ணீர் நிறையக் குடித்து, படம் எடுக்கும் முன் சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். ஊசி மருந்து சிறுநீரில் வெளியேறுவதால், உடையில் ஒரு சொட்டு சிந்தினால்கூட இடுப்பெலும்பில் புள்ளி மாதிரித் தெரியும். மறைக்காமல் சொன்னால் உடையை மாற்றி மறுபடி எடுப்போம். இதய ரத்த ஓட்ட ஸ்கேனில் காபிதான் வில்லன். ஓடவைக்காமல் மருந்து கொடுத்து எடுக்கும் முறையில் அந்த மருந்தின் வேலையையே கஃபீன் தடுத்துவிடும். 24 மணி நேரம் டீ, காபி, கோலா, சாக்லேட் எதுவும் கூடாது.

அடுத்து தைராய்டு புற்றுநோய்க்குத் தரும் கதிரியக்க மருந்தான அயோடின்-131. இதில் பாதி வேலை சமையலறையில் நடக்கிறது. தைராய்டு செல்கள் அயோடினுக்குப் பசித்திருந்தால்தான் நாங்கள் தரும் அயோடினை விழுங்கும். இரண்டு வாரம் அயோடின் கலந்த உப்பை நிறுத்தச் சொன்னால் எல்லோரும் வீட்டில் சரியாகத்தான் செய்கிறார்கள், ஆனால் ஊறுகாய், அப்பளம், மிக்சர், ஹோட்டல் சாம்பார் என்று பின்வாசல் வழியாக அதே உப்பு வந்துவிடுகிறது. கடல் மீன், கருவாடு, முட்டை, பால் எல்லாமே தவிர்க்க வேண்டிய பட்டியலில் உண்டு. யாரும் யோசிக்காதது, தொண்டை கரகரப்புக்குக் கொப்பளிக்கும் பெட்டாடின், அதிலும் அயோடின்தான். அதைவிடப் பெரியது கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எடுத்த சிடி ஸ்கேன், அதில் உள்ள அயோடின் உடம்பை விட்டுப் போக வாரக்கணக்காகும். வேறு மருத்துவமனையில் எடுத்திருந்தாலும் அந்தப் பைலை மறக்காமல் கொண்டுவாருங்கள்.

கர்ப்பமா என்று நாங்கள் கேட்பதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. மாமியார் பக்கத்தில் நிற்கிறார் என்று "இல்லை" எனத் தலையாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தனியாகப் பேச வேண்டும் என்று சொன்னாலே போதும், மற்றவர்களை வெளியே அனுப்பிவிடுவோம். அயோடின் சிகிச்சைக்கு வருபவர் தாய்ப்பால் கொடுப்பவர் என்றால் குறைந்தது ஆறு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும், அந்தக் குழந்தைக்குப் பிறகு மறுபடி கொடுக்கவும் கூடாது. சிகிச்சைக்குப் பின் ஆறு மாதமாவது கர்ப்பம் தள்ளிப்போக வேண்டும். துணைக்கு என்று கர்ப்பிணி மகளையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டி வருவதும் வேண்டாம்.

அயோடின்-131-ஐ 30 மில்லிகியூரிக்கு (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) மேல் கொடுத்தால் தனியறையில் வைத்துத்தான் அனுப்புவோம், அது நம் நாட்டு விதி. வீட்டுக்குப் போன பிறகு இரண்டு விதமான ஆட்களைப் பார்க்கிறேன். ஒருவர் அன்றிரவே பேத்தியை மடியில் போட்டுத் தூங்க வைப்பார். இன்னொரு வீட்டில் அம்மாவை மூன்று மாதம் பின்கட்டில் தள்ளி, தட்டைக்கூடத் தூக்கி எறிந்திருப்பார்கள். இரண்டுமே தவறு. மருந்தின் பெரும்பகுதி முதல் இரண்டு நாளில் சிறுநீரில் போய்விடும், அதனால் ஆண்களும் உட்கார்ந்தே கழித்து, இரண்டு முறை ஃப்ளஷ் செய்ய வேண்டும். மீதி எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகும். ஒரு மீட்டர் தள்ளி நிற்பவர் இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் அவர் மேல் படுவது கால் பங்காகக் குறையும். தனிப் படுக்கை, குழந்தைகளிடமிருந்து தூரம் இதெல்லாம் எத்தனை நாள் என்பது சீட்டில் எழுதியிருக்கும், அத்தனை நாள் போதும். பெட் ஸ்கேன் ஆட்களுக்கு இந்தப் பயமே வேண்டாம், ஊசி போட்டு 12 மணி நேரத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான் மிச்சம்.

வளைகுடாவுக்குத் திரும்புகிறவர்களுக்கு ஒன்று. அயோடின் எடுத்துப் பல வாரம் ஆன பின்னும் விமான நிலையத்தில் கதிர்வீச்சைக் கண்டறியும் கருவி சத்தம் போடலாம். டிஸ்சார்ஜ் அன்று தரும் கடிதத்தில் மருந்தின் பெயர், தேதி, அளவு மூன்றும் இருக்கிறதா பாருங்கள். அதைச் செக்-இன் பெட்டியில் போட்டுவிடாமல் கையில் வைத்திருங்கள்.