ஒட்டிப்போன பழைய போட்டோக்களைப் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பெட்டியைத் திறக்கிறீர்கள். போட்டோக்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகக் கிடக்கின்றன. அடியில் யார் யார் படம் இருக்கிறதோ என்று மனம் அடித்துக்கொள்ளும், கை தானாக ஒரு மூலையைப் பிடித்து இழுக்கப் போகும். தயவுசெய்து இழுக்காதீர்கள். ஈரத்தில் ஒட்டிய படங்கள் பலவற்றில் உருவம் இன்னும் பத்திரமாக உள்ளேதான் இருக்கும்.

ஃபிலிம் காலத்துப் பிரிண்ட்டில் உருவம் இருப்பது காகிதத்தில் அல்ல, அதன் மேல் பூசிய மெல்லிய ஜெலட்டின் படலத்தில். விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் பொருள் அது. ஈரம் பட்டால் ஊறிப் பிசுபிசுக்கும். அப்படியே அழுத்தத்தில் காய்ந்தால், மேலே எது கிடந்ததோ அதோடு சேர்ந்து இறுகிவிடும். உலர்ந்த நிலையில் இழுத்தால் அந்தப் பிடி விடாது, படலம்தான் காகிதத்தை விட்டு உரியும். நான் ஒருமுறை அவசரப்பட்டு இழுத்ததில் என் பாட்டியின் முகம் அடுத்த படத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. புடவைக் கரை இருக்கிறது, கை இருக்கிறது, முகம் இருந்த இடத்தில் வெள்ளைக் காகிதம். அந்தப் படத்துக்கு நெகட்டிவும் இல்லை.

கலர் படத்தில் சேதம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை நிறமே காட்டிவிடும். வழக்கமான கலர் தாளில் சாயப் படலங்கள் மூன்று: மேலே சயான் என்கிற நீலப்பச்சை, நடுவே மெஜந்தா என்கிற ஊதா கலந்த சிவப்பு, அடியில் மஞ்சள். மேல் படலம் போன இடம் சிவப்பாகத் தெரியும். அடுத்ததும் போனால் மஞ்சள், மூன்றும் போனால் வெள்ளை. நனைந்த படங்களின் ஓரத்தில் நெருப்பு பிடித்தது போல ஓடும் வரிகள் இவைதான். மஞ்சள் தெரியும் இடத்தில் அதற்கு மேல் விரல் படக்கூடாது.

கத்தி, பிளேடு, பல்லிடுக்கில் விடும் நூல் எல்லாமே ஆபத்து. பசை தடவிய ஆல்பம் அட்டையிலிருந்து ஒரு படத்தைக் கிளப்ப அந்த நூல் சில சமயம் உதவும். அங்கே பிடித்திருப்பது படத்தின் முதுகு. முகமும் முகமும் ஒட்டிய படங்களுக்கு நடுவே அதே நூலை விட்டால் அது அறுப்பது உருவத்தைத்தான்.

ஹேர் டிரையர், இஸ்திரிப் பெட்டி, வெந்நீர் பக்கமும் போக வேண்டாம். ஊறிய ஜெலட்டின் சூட்டில் இளகும், உருவமும் அதோடு வழிந்துவிடும்.

சரி, எதனால் ஒட்டியதோ அதாலேயே பிரிக்க வேண்டும், அதாவது தண்ணீரால். 2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானில் சேற்றிலிருந்து எடுத்த குடும்பப் படங்களைத் தன்னார்வலர்கள் நீரில் கழுவித்தான் மீட்டார்கள். ஆனால் எல்லாப் படங்களையும் நனைக்கலாம் என்று நினைப்பது அடுத்த பெரிய தவறு. இன்க்ஜெட் பிரிண்ட்டில் மை கரைந்து ஓடலாம். போலராய்டு, கையால் வண்ணம் தீட்டிய படம், கண்ணாடித் தகட்டில் எடுத்த மிகப் பழைய படம் இவற்றையும் நனைக்காதீர்கள். எந்த வகை என்று தெரியாவிட்டால், முக்கியமில்லாத ஒரு படத்தின் மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நிறம் கசிந்தால் அத்தோடு நிறுத்திவிட்டு, படப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

நனைப்பதற்கு முன், மேலே தெரிகிற படத்தையும் கட்டியின் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்துவிடுங்கள். பலர் விடுவது இந்த வேலையைத்தான். பின்னால் பேனா மையில் எழுதிய பெயரும் தேதியும் நீரில் கரைந்து போகலாம், அது போனால் படத்தில் இருப்பவர் யார் என்று சொல்ல ஆள் இல்லாமலும் போகலாம்.

அப்புறம், ஒரு ட்ரேயில் சுத்தமான, சுமார் 20 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியுள்ள நீர். சோப்பு வேண்டாம். கட்டியை அதில் மூழ்கவிட்டு, அரை மணிக்கு ஒருமுறை ஒரு மூலையை மெல்ல அசைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் பூச்சுள்ள தாளில் நீர் ஓரங்கள் வழியாக மட்டுமே நுழையும் என்பதால் சில மணி நேரம்கூட ஆகலாம். நீருக்கு அடியிலேயே, படம் தானாக நழுவி வருவது போல வர வேண்டும். இழுக்கத் தோன்றினால் இன்னும் ஊறவில்லை என்று அர்த்தம். அதற்காக நாள்கணக்கில் ஊறவிடவும் கூடாது. 48 மணி நேரம் ஈரத்தில் இருந்தாலே பூஞ்சை வரத் தொடங்கலாம், படலமும் தானே கழன்றுவிடலாம். ஈரமான கட்டி கையில் இருந்து, இன்றைக்கு நேரமும் இல்லையென்றால், காய விடாமல் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். பிறகு நிதானமாக வேலை செய்யலாம்.

பிரிந்து வந்த படத்தின் முகத்தைத் துணியால் துடைக்க வேண்டாம், விரலாலும் தொட வேண்டாம். வேறொரு ட்ரேயில் நல்ல நீரில் அலசி, ஓரத்தைப் பிடித்துத் தூக்கி நீரை வடியவிட்டு, உருவம் மேலே இருக்கும்படி உறிஞ்சுதாளில் நிழலில் வையுங்கள். செய்தித்தாள் ஆகாது, அதன் மை ஏறும். காயும்போது ஓரம் சுருண்டால் பதறி மேலே கனமான புத்தகத்தை வைத்துவிடாதீர்கள், ஈரம் மிச்சமிருந்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். நன்றாகக் காய்ந்த பிறகு கனம் வைத்தால் நேராகிவிடும்.

சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிய படத்தை மட்டும் நான் பிரிக்கச் சொல்ல மாட்டேன். கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்து, அப்படியே ஸ்கேனரில் கவிழ்த்து ஸ்கேன் செய்து, கண்ணாடியோடு சேர்த்தே உலர்ந்த இடத்தில் எடுத்து வையுங்கள்.