பாத்திரம் கழுவும் மெஷினுக்குப் பம்ப் வாங்குவது எப்படி

கோயம்புத்தூரில் பம்ப் கடைக்குள் நுழைந்தால் முதல் கேள்வி "எத்தனை எச்.பி. வேணுங்க?" என்பதுதான். தோட்டத்துக் கிணற்றுக்கு அது சரி. ஓட்டல், மெஸ், கல்யாண மண்டபம் ஆகியவற்றின் பாத்திரம் கழுவும் மெஷினுக்கு அந்தக் கேள்வி கடைசியில்தான் வர வேண்டும். தண்ணீர் எத்தனை டிகிரி, என்ன சோப்பு, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எத்தனை மீட்டர் ஹெட் (பம்ப் தண்ணீரைத் தள்ளக்கூடிய உயரம்): இந்த நான்கையும் மெஷினின் பெயர்ப்பலகையிலோ கையேட்டிலோ பார்த்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

முதலில் கழுவும் பம்ப். மேல்மூடி இழுத்து மூடும் மெஷினில் இது தொட்டித் தண்ணீரையே 55 முதல் 65 டிகிரி சூட்டில் திரும்பத் திரும்பச் சுற்றிவிடுகிறது. இதற்குத் தேவை நிறைய தண்ணீர், குறைந்த ஹெட். உதாரணமாக நிமிடத்துக்கு 300 லிட்டர், 8 மீட்டர் ஹெட் என்றால் தண்ணீருக்குப் போய்ச் சேரும் சக்தி சுமார் 0.4 கிலோவாட். பம்பின் திறன் 50% என்று வைத்தால் மோட்டாரின் சுழல்தண்டான ஷாஃப்டில் 0.8 கிலோவாட் வேண்டும். 1.5 எச்.பி. மோட்டார் தாராளம். வீட்டு மோனோபிளாக்கில் அதே 1.5 எச்.பி. இருந்தாலும், அது தண்ணீரை உயரத்துக்கு ஏற்றச் செய்தது. இங்கே மாட்டினால் ஹெட் கூடுதலாகவும் தண்ணீர் போதாமலும் இருக்கும், தட்டு சுத்தமாகாது.

அடுத்தது உலோகம். மெஷின் சோப்பு கடும் காரம். அலுமினியத்தை அது அரித்துவிடும். வார்ப்பிரும்பு துருப்பிடித்து, துரு தண்ணீர் பீய்ச்சும் நாசில்களை அடைக்கும். பம்ப் உடலும், உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரும் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ, சூடு தாங்கும் பொறியியல் பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும். கறிவேப்பிலை, முருங்கைச் சக்கை, பல்குச்சி எல்லாம் வடிகட்டியைத் தாண்டி வரும் என்பதால் திறந்த அல்லது பாதி திறந்த இம்பெல்லரே நல்லது.

பம்ப் கெடுவது பெரும்பாலும், சுழலும் ஷாஃப்டை ஒட்டித் தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீலில்தான். போர்வெல் உப்புத் தண்ணீரைச் சூடாக்கினால் சுண்ணாம்பு படியும். ஒன்றோடொன்று உரசும் சீல் முகங்களுக்கு நடுவே அது புகுந்தால் சாதாரண கார்பன் முகம் வேகமாகத் தேயும். இரு முகமும் சிலிக்கான் கார்பைடாக உள்ள சீல் கேளுங்கள். ரப்பர் ஈ.பி.டி.எம். ஆக இருக்க வேண்டும். நைட்ரைல் ரப்பர் சூட்டிலும் காரத்திலும் இறுகி வெடித்துவிடும். ஈ.பி.டி.எம். ரப்பருக்குக் கிரீஸோ ஆயிலோ தடவி மாட்டாதீர்கள், உப்பிவிடும். சோப்புத் தண்ணீர் தொட்டு ஏற்றினால் போதும். பம்புக்கும் மோட்டாருக்கும் இடையே அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அங்கே வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தால் சீல் கசிய ஆரம்பித்துவிட்டது. அப்போதே மாற்றினால் சீல் விலையோடு போகும். விட்டால் தண்ணீர் பேரிங்கில் இறங்கி, மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டும் செலவில் கொண்டுபோய் விடும்.

கழுவிய பாத்திரத்தைக் கடைசியில் சூடான நல்ல தண்ணீரால் அலசும் பம்பில் ஆட்கள் செய்யும் தவறு நேர்மாறானது: தேவைக்கு மேல் பெரிதாக வாங்கிவிடுகிறார்கள். ஒரு டிரேக்கு 3 லிட்டர், 12 விநாடி என்றால் நிமிடத்துக்கு 15 லிட்டர். நாசிலில் சுமார் 1.4 பார் வேண்டும், அதாவது 14 மீட்டர். சுண்ணாம்பை நீக்கும் சாஃப்ட்னர், மின்சாரத்தில் திறந்து மூடும் சொலினாய்டு வால்வு, ஹீட்டர் ஆகியவற்றின் இழப்புக்கு 6 மீட்டர் சேர்த்தால் 20 மீட்டர். அரை எச்.பி. பம்பே மிச்சம். முதல் மாடித் தொட்டி தரும் 6 மீட்டர் மட்டும் போதாது என்பது உண்மைதான். அதற்காக 1 எச்.பி. போட்டால் தண்ணீர் பொடிப்பொடியாகச் சிதறி, தட்டைத் தொடும் முன்பே ஆறிவிடும். ஹீட்டரும் ஈடு கொடுக்காது.

இந்தப் பம்பை ஹீட்டருக்கு முன்னால், பச்சைத் தண்ணீர் பக்கத்தில் வையுங்கள். ஹீட்டரைத் தாண்டி வரும் 85 டிகிரித் தண்ணீரின் ஆவி அழுத்தம் கிட்டத்தட்ட 0.58 பார். கோவை சுமார் 410 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தமே 0.96 பார்தான். உறிஞ்சுவதற்கு மிஞ்சுவது 0.4 பாருக்கும் கீழே. பைப்பில் கொஞ்சம் இழப்பு வந்தாலும் பம்புக்குள் தண்ணீர் கொதித்துக் குமிழாகும். ஜல்லி அரைபடுவதுபோல் சத்தம் கேட்டால் இம்பெல்லர் குழிவிழத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சிறுவாணித் தண்ணீர் வரும் இடத்தில் சுண்ணாம்புத் தொல்லை குறைவு. பல்லடம், அவினாசிப் பக்கம் போர்வெல்லை நம்பியிருந்தால் சாஃப்ட்னர் இல்லாமல் எந்தப் பம்பும் ஹீட்டரும் நிலைக்காது.

சோப்பு ஏற்றும் டோசிங் பம்புக்கு டியூபை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், அவ்வளவுதான். கழிவுத் தண்ணீர்ப் பம்ப், சாக்கடை வாய் மெஷினைவிட உயரத்தில் இருந்தால் மட்டும் தேவை.

நல்ல பம்ப் மாட்டியும் தட்டு அழுக்காக வந்தால் இரண்டைப் பாருங்கள். கையால் சோப்புப் போட்டுத் தேய்த்த தட்டை மெஷினில் வைக்கிறார்களா? அந்த நுரையைப் பம்ப் இழுத்தால் காற்றுப் புகுந்து வேகம் செத்துவிடும். மாவும் முட்டையும் ஒட்டிய தட்டைப் பச்சைத் தண்ணீரில் அலசி வைத்தால் போதும். அடுத்து, மூன்று ஃபேஸில் இரண்டு இடம் மாறி மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறதா? தலைகீழாகச் சுற்றினாலும் பம்ப் கொஞ்சம் தண்ணீர் தள்ளும் என்பதால் யாருக்கும் சந்தேகமே வராது. வயரிங் வேலை நடந்த மறுநாள் பம்பின் மேல் உள்ள அம்புக்குறியோடு சுற்றும் திசையை ஒத்துப் பாருங்கள். ஃபேஸ் போனால் நிறுத்தும் ரிலேயும், தொட்டியில் தண்ணீர் குறைந்தால் நிறுத்தும் ஃபுளோட் சுவிட்சும் கட்டாயம். சீல் காய்ந்து ஓடினால் சிறிது நேரத்திலேயே கருகிவிடும்.

மண்டபம் வைத்திருப்பவர்கள் ஆடி மாதத்தில் முகூர்த்தம் இல்லாதபோதே பம்பை இறக்கிச் சுண்ணாம்பை எடுத்து, சீலை மாற்றி, இன்னொரு சீலை அளவு எழுதிக் கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.