ஹைப்ரிட் ஹார்ட் டிஸ்க்: மாட்டிய முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

மாட்டிய முதல் நாளே "எஸ்எஸ்டி மாதிரி வேகமில்லையே" என்று ஹைப்ரிட் டிஸ்கைக் கழற்றிவிடாதீர்கள். முதல் நாள் இது சாதாரண ஹார்ட் டிஸ்க்தான்.

உள்ளே வழக்கமான சுழலும் தட்டுகள்; கூடவே சர்க்யூட் போர்டில் ஒரு ஃபிளாஷ் சிப் (எஸ்எஸ்டியில் இருப்பது போன்ற, சுழலாத நினைவகச் சிப்). 2010-இல் வந்த சீகேட் மொமென்டஸ் எக்ஸ்டியில் அது 4 ஜிபி. பின்னால் வந்த மாடல்கள் பலவற்றில் 8 ஜிபி. நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும் தட்டில், கேட்ட இடம் ஹெட்டுக்கு (டேட்டாவைப் படிக்கும் முனை) அடியில் வந்து சேரவே சராசரியாக 5.6 மில்லிசெகண்ட் ஆகும். ஹெட் நகரும் நேரம் தனி. ஃபிளாஷில் இந்தக் காத்திருப்பு இல்லை. எனவே அடிக்கடி கேட்கப்படும் பிளாக்குகளை (டிஸ்கில் எண்ணிட்ட சிறு பகுதிகள்) ஃபர்ம்வேர், அதாவது டிஸ்குக்குள்ளேயே ஓடும் மென்பொருள், கவனித்து, அவற்றின் நகலை ஃபிளாஷில் வைத்துக்கொள்கிறது. எது விண்டோஸ் ஃபைல், எது சினிமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. பிளாக் எண்தான் கணக்கு. தனி டிரைவரும் வேண்டாம்.

வாங்கும்போதே தடிமனைப் பாருங்கள். 7 மி.மீ. இடமுள்ள லேப்டாப்பில் 9.5 மி.மீ. டிஸ்க் நுழையாது.

விண்டோஸ் போட்டு, அப்டேட் எல்லாம் முடிந்த பிறகு, தினமும் பயன்படுத்தும் புரோகிராம்களைத் திறந்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். இதையே நாலைந்து முறை செய்து, ஒவ்வொரு தடவையும் ஆகும் நேரத்தைக் குறியுங்கள்; டிஸ்க் கற்றுக்கொள்ளக் கொள்ள அது குறைய வேண்டும். ஷட் டவுன் செய்து அளந்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (விண்டோஸின் ஒரு பகுதியைச் சேமித்துவைத்து வேகமாகத் திறக்கும் வசதி) குறுக்கே வந்து கணக்கைக் குழப்பும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று மந்தமானால், முதலில் டிஃப்ராக்கை (சிதறிய ஃபைல் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் வேலை) சந்தேகியுங்கள். அது ஃபைல்களை வேறு பிளாக்குகளுக்கு மாற்றிவிடுவதால், டிஸ்க் கற்றுவைத்த எண்களில் பல வீணாகிவிடும். விண்டோஸ் 10 இதை வாரந்தோறும் தானாகவே செய்யும். 'ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' செட்டிங்கில் மாதம் ஒருமுறை என்று மாற்றுங்கள். 50 ஜிபி கேம்களை மாற்றி மாற்றி ஆடினாலும் இதே கதி: 8 ஜிபிக்குள் எதுவும் நிலைக்காது. பெரிய வீடியோ காப்பி செய்வதில் ஃபிளாஷ் அநேகமாக உதவாது, தட்டின் வேகம்தான்.

லேப்டாப்பில் ஒரே டிஸ்குக்குத்தான் இடம், கொள்ளளவும் அதிகம் வேண்டும் என்றால் மட்டுமே இது சரி. இரண்டு இடம் இருந்தால் சிறிய எஸ்எஸ்டியில் விண்டோஸைப் போடுவதே மேல்.

ஃபிளாஷ் இருப்பதால் அடி தாங்கும் என்று நினைக்க வேண்டாம். டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ புரோகிராமில் 05, சி5 வரிசைகளின் (பழுதாகி மாற்றப்பட்ட, பழுதென்று சந்தேகப்படும் இடங்கள்) ரா எண் கூடிக்கொண்டே போனால், வேறு வேலை எதுவும் பார்க்காமல் முதலில் டேட்டாவை காப்பி எடுங்கள்.