மூல நோய்: இசப்கோல் எனக்கு முதலில் ஏன் கேட்கவில்லை

மலம் இறுகி, முக்கி முக்கிப் போய், கடைசியில் பளிச்சென்ற சிவப்பில் நாலைந்து சொட்டு ரத்தம், அப்புறம் நாள் முழுக்க அரிப்பு. டாக்டரிடம் காட்டினேன், ஆரம்ப நிலை உள்மூலம் (ஆசனவாய்க்கு உள்ளே ரத்தக்குழாய் வீங்குவது) என்றார் (ரத்தம் வர வேறு காரணமும் இருக்கலாம், காட்டாமல் விடாதீர்கள்). களிம்பு அரிப்பை ஒரு மணி நேரம் அடக்கியது, அவ்வளவுதான். துத்திக்கீரை ஒரு வாரம் சாப்பிட்டும் மாற்றமில்லை.

சரி என்று இசப்கோல் (மலத்தை இளக்கும் நார்ச்சத்து உமி) வாங்கி, இரவில் ஒரு ஸ்பூனை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டுப் படுத்தேன். மூன்றாம் நாள் மலம் இன்னும் இறுகிவிட்டது! அது தண்ணீரை உறிஞ்சி ஊதுகிற பொருள், தண்ணீர் போதாவிட்டால் உள்ளே கெட்டியாகிவிடும் என்பது அப்போதுதான் புரிந்தது. 250 மி.லி. தண்ணீரில் கலக்கி, கெட்டியாகும் முன் உடனே குடித்து, மேலே இன்னொரு டம்ளர், பகலிலும் தண்ணீர் என்று மாற்றினேன். நாலாம் நாள் முக்காமலே போனது.

கூடவே டாய்லெட்டில் காலுக்கடியில் குட்டை ஸ்டூல், போன் வெளியே, ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்காருவதில்லை. காலையும் இரவும் வெதுவெதுப்பான நீர் ஊற்றிய டப்பில் 15 நிமிடம் உட்கார்ந்தேன், கிருமிநாசினி எதுவும் கலக்காமல். இரண்டு வாரத்தில் ரத்தம் நின்றது, அப்பாடா. இசப்கோலை மட்டும் இன்னும் நிறுத்தவில்லை.